படத்துக்குப் பின்னால் வெறும் சுவர்

என் அருமை மகனே,

நீ அனுப்பிய கவர் திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. தபால்காரர் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "என்னண்ணே, மெட்ராஸ்ல இருந்து பய செங்கல்லு அனுப்பிருக்கானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிரித்தால், முதல் வரியிலேயே உனக்குப் படம் இயக்கும் வாய்ப்பு கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் உன் அம்மா என்னைப் படிக்க விடவில்லை. சீனி டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, எதிர்ப்பட்டவர் கையிலெல்லாம் ஒரு பிடி வைத்தாள். இத்தனை வருஷமாக அடுத்தவன் படத்துக்குக் கிளாப் கட்டை தூக்கி அலைந்த பிள்ளைக்கு விடிந்துவிட்டது என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அழகர்கோவிலுக்கு முடி நேர்ந்திருக்கிறாளாம். யார் முடி என்று கேட்டேன், உன் முடிதானாம். தயாராக இரு.

சாயங்காலம் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, நீ எழுதியிருந்த கதையை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மில் கதை. கதவடைப்பில் பட்டினி கிடக்கும் குடும்பம், அதில் ஒரு சிறுவன், அவன் வளர்ந்து வந்து முதலாளியைப் பழிவாங்குகிறான். அந்த வீடு நம் வீடு, அந்தச் சிறுவன் நீ என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை. வாசலில் பிள்ளைகள் பசியில் அழ, முதலாளி மாடியில் கையில் கிளாஸோடு நின்று அதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று ஒரு காட்சி வைத்திருக்கிறாய். அது வந்ததும் உன் அம்மா, "அடுப்பப் பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து உள்ளே போனாள். அடுப்பு அப்போது பற்ற வைக்கவே இல்லை. கடைசியில் நீ என்னிடம் இரண்டு காரியம் கேட்டிருந்தாய். அந்த நாளில் முதலாளி எப்படிப் பேசுவார், என்ன குடிப்பார், எப்படிச் சிரிப்பார் என்று விவரமாக எழுதி அனுப்ப வேண்டும். இன்னொன்று, நம் மில்லுக்குள்ளேயே படம் பிடிக்க அவரிடம் நான் போய் அனுமதி வாங்கித் தர வேண்டும். பழைய தொழிலாளி கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார் என்று ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறாய். அந்த மனிதரை வில்லனாகக் காட்டுவதற்கு அவரிடமே போய்ச் சாவி கேட்கச் சொல்கிறாய். உன் துணிச்சலை மெச்சுகிறேன்.

முதல் காரியத்துக்குத்தான் இந்தக் கடிதம். இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன். இதை நீ மட்டும் படித்து மடித்து வைக்காதே. உன்னோடு அறையில் இருந்து கதை பண்ணுகிற நண்பர்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. அவர்களில் ஒருவர்கூட மில் வாசலை மிதித்தவர் இல்லை என்பது கதையைப் பார்த்தாலே தெரிகிறது.

உன் கோபம் எனக்குத் தெரியும், அது நியாயமான கோபம். மில்லைப் பூட்டியபோது நீ இரண்டாம் வகுப்பு. சோற்றுக்கு வழியில்லாமல் உன்னைக் கொண்டுபோய் உசிலம்பட்டிப் பக்கம் உன் பெரிய மாமா வீட்டில் விட்டோம். அத்தை தட்டில் சோற்றைப் போடும்போதெல்லாம், "உங்கப்பன் மில்லு எப்படா தெறப்பாய்ங்க?" என்று கேட்டாள் என்று நீ வெகு காலம் கழித்துச் சொன்னாய். நம்மை அந்த நிலைக்குக் கொண்டுவந்த கதவை முதலாளிதான் பூட்டினார். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் பூட்டியவர் என்று நீ ஒருவரைக் காட்டப் போகிறாயே, அந்த ஆளை எனக்குத் தெரியாது. அவரை நான் சினிமாவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

நான் ஒன்றும் படம் பார்க்காதவன் இல்லை. கீழக்குயில்குடிக்குப் போகிற சாலையில் அப்போது ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. எங்கள் மில் சங்கு ஊதி ஷிப்டு முடிந்த ஆட்கள் வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே ஆட்டம் ஆரம்பிப்பார்கள். மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து நாங்கள் பார்த்த மில் முதலாளிகளுக்குக் கணக்கே இல்லை. எல்லாரும் ஒரே அச்சு. உடம்பில் பளபளவென்று ஓர் அங்கி, வாயில் பைப், பக்கத்தில் ஒரு நாய், பின்னால் வளைந்து இறங்கும் மாடிப்படி. அவர்கள் எந்நேரமும் வீட்டில்தான் இருப்பார்கள். மில்லுக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. பஞ்சு எங்கிருந்து வந்தது, நூலை யார் வாங்கினார்கள், கரண்டு இல்லாத நாளில் என்ன செய்தார்கள் என்று ஒரு படத்திலும் சொன்னதில்லை. சுவரில் அவருடைய அப்பா படம் ஒன்று பெரிதாகத் தொங்கும். அதைத் தள்ளினால் பின்னால் இரும்புப் பெட்டி, பெட்டி நிறையக் கட்டுக் கட்டாகப் பணம். கதாநாயகன் அதைத் திறந்து தொழிலாளிகளுக்கு வாரி இறைப்பான். நாங்கள் மணலை அள்ளி ஆகாயத்தில் வீசிக் கும்மாளம் போடுவோம். நாங்கள் டிக்கெட் வாங்கிய காசே ஒரு மில் முதலாளி கொடுத்த சம்பளம் என்று ஒருவனுக்கும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தாலும் கைதட்டத்தான் செய்திருப்போம், அது வேறு விஷயம்.

எங்கள் முதலாளி சோழவந்தான்காரர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். யாரோ நடத்த முடியாமல் விட்ட பழைய மில்லை வாங்கி, பழைய மெஷின்களை ஒட்டுப் போட்டு ஓட்டினார். காலையில் கறுப்புக் காரில் வந்து இறங்குவார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வாயில் ஊர் வெற்றிலை. நேரே பஞ்சுக் குடோனுக்குப் போய், மூட்டையாக இறுக்கிக் கட்டிய பேலில் இருந்து ஒரு கிள்ளு பஞ்சை எடுத்து இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் வைத்து இழுத்து இழுத்துப் பார்ப்பார். அப்புறம் ஒவ்வொரு டிபார்ட்மென்டாக நடந்து வருவார். வெளியே வரும்போது தலைமுடியெல்லாம் பஞ்சு பறந்து ஒட்டி நரைத்த கிழவர் மாதிரி இருப்பார். யாரோடும் பேச மாட்டார். பேசினாலும் தரையைப் பார்த்துத்தான் பேசுவார். மதுரைக்கு வழி வாயிலே என்பார்கள். மதுரைக்குப் பக்கத்திலேயே பிறந்த அந்த மனிதருக்கு அந்த வாய்தான் இல்லை. சினிமாவில் தரையைப் பார்த்துப் பேசுகிறவன் குற்றவாளி. எங்களுக்கு அந்தக் கணக்குத்தான் தெரியும். "ஏதோ திருட்டுத்தனம் இருக்குடா, அதான் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறாரு" என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

ஆயுத பூஜைக்கு மில்லில் நாடகம் போடுவோம், உனக்கு நினைவிருக்கலாம். ஒரு வருஷம் மில் முதலாளி வேஷம் எனக்கு வந்தது. தொந்தியும் தொண்டையும் இருந்தது, வேறென்ன தகுதி வேண்டும்? அங்கிக்கு எங்கே போவது? டவுனில் நாடகச் சாமான் வாடகைக்கு விடுகிற கடையில் கேட்டால், முதலாளி அங்கி என்று எதுவும் இல்லை, ராஜபார்ட் அங்கிதான் இருக்கிறது என்றார்கள். சரிகை வைத்த சிவப்பு வெல்வெட்டைப் போட்டுக்கொண்டு, பைப்புக்குப் பதில் சுருட்டைக் கடித்துக்கொண்டு, நான் போட்ட சிரிப்பில் மேடைப் பலகை அதிர்ந்தது. முன் வரிசையில் நிஜ முதலாளி குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். எல்லாரும் வேலை போச்சு என்றுதான் நினைத்தோம். அவர் என் அங்கியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார், தரையைப் பார்த்தார், "நல்லா நடிச்சய்யா" என்றார். கொஞ்சம் நின்று, "இதப் போட்டுக்கிட்டு ரிங் பிரேம் மெஷின் பக்கம் மட்டும் போயிராத. வெல்வெட்டுல பஞ்சு ஒட்டுச்சுன்னா போகவே போகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கேலி செய்தாரா, நிஜமாகவே துணியைப் பற்றிக் கவலைப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அதற்கு அடுத்த வருஷம்தான் கஷ்டம் வந்தது. கரண்டு பாதி நாள் இருக்காது. பஞ்சு விலை ஏறியது, நூல் விற்காமல் குடோனில் கூரை தொட அடுக்கிக் கிடந்தது. எங்களுக்கு அதெல்லாம் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. போனஸ் கேட்டோம். முடியாது என்று முதலாளி நோட்டீஸ் ஒட்டினார். ஏன் முடியாது என்று ஒரு வரி இல்லை. எங்கள் சங்கச் செயலாளர் மாயாண்டி அண்ணன் காரணம் கேட்டுச் சத்தம் போட்டார். அவரை முதலாளி வேலையை விட்டு நிறுத்தினார். அது அநியாயம். அன்றைக்கும் அநியாயம் என்று சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். மாயாண்டி அண்ணன் திரும்ப மில்லுக்கு வரவே இல்லை, கடைசிவரை பஸ் ஸ்டாண்டில் பழம் விற்றார். உன் படத்தில் அதை வை. ஒரு வரிகூடக் குறைக்காமல் வை.

வேலை நிறுத்தம் செய்தோம், அவர் கேட்டைப் பூட்டினார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒரு கூட்டமாகப் போய் ஆபீசுக்குள் புகுந்து அவரைச் சுற்றி நின்றுகொண்டோம். நானும் இருந்தேன். சத்தம் போட்டோம், மேஜையைத் தட்டினோம், அவர் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் பாண்டி கத்தினான். உனக்குத் தெரியும் அவனை, ஒரு படத்தையும் விடாதவன். "டேய், படத்துக்குப் பின்னாடி பாருங்கடா!" என்றான். அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பியது. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் அவருடைய அப்பா படம் தொங்கியது, முண்டாசு கட்டி, வெற்றிலைத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பாண்டி ஸ்டூலைப் போட்டு ஏறி அதைக் கழற்றினான். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பின்னால் சுவர் இருந்தது. படம் மறைத்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு கொஞ்சம் வெள்ளையாக இருந்தது, ஒரு பல்லி ஓடியது. அவ்வளவுதான்.

முதலாளி மெல்லத் திரும்பிப் பார்த்தார். "பொட்டியாய்யா தேடுறீக?" என்றார். "அது எங்கய்யா படம். பின்னாடி செவருதான் இருக்கும். மில்லுப் பத்தரமே பேங்க்ல இருக்கு. பொட்டியில என்னத்த வைக்க?" என்றார். அவர் எங்களிடம் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. பின்னாலிருந்து ஒரு குரல், "அப்ப எதுக்குங்க அம்புட்டுப் பெரிய காரு?" என்று கேட்டது. அவர் சிரித்த மாதிரி இருந்தது. "காரு இல்லாம நடந்து போய் நின்னா எவன்யா எனக்கு நம்பிப் பஞ்சு குடுப்பான்? அவுகளும் படம் பாக்குறாகல்ல" என்றார். பாண்டி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தான். பிறகு திரும்ப ஏறி மாட்டினான். "வலது பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கு பாரு" என்றார் முதலாளி. அவன் சரி செய்தான். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

மகனே, இதை நான் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு காரைப் பார்த்துப் பஞ்சு வியாபாரி, ஆள் பசையுள்ளவன் என்று நம்பினான். அதே காரைப் பார்த்து நாங்கள், பணத்தை ஒளித்து வைத்துக்கொண்டு இல்லை என்கிறான் என்று நம்பினோம். நடுவில் அந்த மனிதர் பெருமைக்கு எருமை மேய்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு இன்னமும் ஒரு வருத்தம் உண்டு. நூல் விற்கவில்லை, பேங்க் நெருக்குகிறது என்று ஆரம்பத்திலேயே எங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலாளி என்ற கெத்து போய்விடும் என்று பயந்தார். சினிமா எங்களை மட்டும் கெடுக்கவில்லை, அவரையும் கெடுத்தது. எங்களைப் போலவே அவரும் பட்டினி கிடந்தார் என்று நான் புளுக மாட்டேன். அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், நீ மாமா வீட்டில் ஏச்சு வாங்கினாய். அது இரண்டும் ஒன்று ஆகாது. ஆனால் அவர் மாடியில் நின்று சிரித்தார் என்று நீ எழுதுவது பொய். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

கதவு பூட்டியிருந்த மாதங்களில் இந்த வட்டாரம் என்ன ஆனது என்பது உன் கதையில் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. கேட்டுக்கு எதிரே டீக்கடை போட்டிருந்த காதர் பாய் பாய்லரை அணைத்தார். சைக்கிள் கடை மூடியது. சாயங்காலம் பூக்கூடையோடு வந்து உட்காருகிற பொம்பளைகள் வருவதை நிறுத்தினார்கள். திருமங்கலம் பக்கம் கரிசலில் பருத்தி போட்டவர்கள் எடுத்த பருத்தியை வீட்டில் குவித்து வைத்துக்கொண்டு கோழி கிளறாமல் காவல் காத்தார்கள். கொட்டகைக்காரர் ஆள் சேரட்டும் என்று ஒரு மில் படத்தையே கொண்டுவந்து போட்டார். அதில் கதாநாயகன் முதலாளியை மாடிப்படியில் உருட்டி உருட்டி அடித்தானாம். பார்க்கத்தான் ஆளில்லை. அந்த மாதம் முடிவதற்குள் அவர் கொட்டகையைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். முதலாளியை அடிக்கிற படம் ஓடுவதற்கும் ஒரு முதலாளியின் மில் ஓட வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னால் நான் அவருக்கு வக்காலத்து வாங்குவதாக உன் நண்பர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். டீக்கடைக்காரரும் பூக்காரியும் நான் சொல்வதைத்தான் சொல்வார்கள்.

எப்படியோ பேச்சுவார்த்தை நடந்து ஒப்பந்தம் போட்டார்கள். போனஸ் கொஞ்சம் குறைவு, மில் திறக்கும். சொன்ன தொகையைக் கொடுப்பதற்காக முதலாளி காரை விற்றார். மறுநாள் காலையில் டவுன் பஸ்ஸில் வந்து மில் ஸ்டாப்பில் இறங்கினார், கையில் டிபன் கேரியரோடு. நாங்கள் கைதட்டி வரவேற்றோம் என்றா நினைக்கிறாய்? அப்படித்தான் நீ எழுதுவாய். நடந்ததைக் கேள். கேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் முகம் செத்துப்போயிற்று. காரைப் பார்த்தால் வயிறு எரிந்தவர்களுக்கு, கார் இல்லாததும் பொறுக்கவில்லை. "மாப்ள, மொதலாளி பஸ்ஸுல வாராருன்னா மில்லு அம்புட்டுத்தான்டா" என்றான் பாண்டி. இரண்டு பேர் அன்றைக்கே வேறு மில்லில் வேலை கேட்கப் போனார்கள். கார் விற்ற செய்தி எங்களுக்கு முன்னால் பஞ்சு வியாபாரிகளிடம் போய்விட்டது. லோடு அனுப்புகிறேன் என்றவர்களெல்லாம் பார்க்கலாம் என்றார்கள். குடோனில் பஞ்சு தீர்ந்துகொண்டே வந்தது. பஞ்சு இல்லையென்றால் திறந்த கதவு திரும்பப் பூட்டிக்கொள்ளும், நீ மாமா வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். எனக்கு அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

திருமங்கலத்தில் இருந்து ஒரு பெரிய வியாபாரி, அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், மில்லை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். அவர் வருகிற செய்தி தெரிந்ததும் நாங்கள் காதர் பாய் கடையில் கூடினோம். அவர் கண் முன்னால் முதலாளி பஸ்ஸில் வந்து இறங்கினால் கதை முடிந்தது. அப்போது எனக்கு உன் சின்ன மாமா நினைவுக்கு வந்தான். அவன் ஜங்ஷனில் கல்யாணத்துக்கு வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான் அல்லவா? ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பெட்ரோல் அடித்தோம். அன்றைக்கு முகூர்த்த நாள். திருப்பரங்குன்றத்தில் மாப்பிள்ளை பெண்ணை இறக்கிவிட்டு, அவன் அப்படியே காரைக் கொண்டுவந்தான். பூவையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு முந்தின திருப்பத்திலேயே காத்திருந்து முதலாளியைப் பஸ்ஸில் இருந்து இறக்கினோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் திகைத்துப் போய் நின்றார்.

"எனக்கு இதெல்லாம் வராதுய்யா" என்றார், வழக்கம்போலத் தரையைப் பார்த்து.

"அந்தத் தரையப் பாக்குறதத்தான் மொதலாளி வேணாங்குறது. தலையத் தூக்குங்க" என்றேன்.

உன் அப்பன் அன்றைக்கு நடு ரோட்டில் ஒரு மில் முதலாளிக்கு மில் முதலாளி மாதிரி நடக்கக் கற்றுக்கொடுத்தான். நெஞ்சை நிமிர்த்தச் சொன்னேன். துண்டை எப்படித் தோளில் போடுவது, கார்க் கதவைத் தானே திறக்காமல் எப்படிக் காத்திருப்பது என்று நடந்து காட்டினேன். அவர் என் பின்னாலேயே நடந்து பார்த்தார். பாண்டி சிரிப்பை அடக்க முடியாமல் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கார் மில் வாசலில், அங்கே காத்திருந்த அண்ணாச்சி முன்னால் போய் நின்றது. நான் முன் சீட்டில் இருந்து குதித்து ஓடிப்போய்க் கதவைத் திறந்து சலாம் வைத்தேன். முதலாளி நிமிர்ந்து இறங்கி, அண்ணாச்சியை நேராகப் பார்த்து வணக்கம் சொல்லி, உள்ளே அழைத்துப் போனார். எல்லாம் சுத்தமாக நடந்தது. அவர் திரும்பி நடந்தபோதுதான் பார்த்தேன், சீட்டில் கிடந்த மஞ்சள் அட்சதை அவர் வேட்டியின் பின்பக்கம் முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அவருக்குப் பின்னால் நடந்து மில் முழுக்கச் சுற்றினார், ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது காரின் பக்கத்தில் வந்து நின்று, என் கையைப் பார்த்தார். விரலிடுக்கில் எந்நாளும் இருக்கிற பஞ்சு.

"காரு கல்யாணக் காருன்னு வந்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. புடிச்சது ஆரு, நீங்களா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நாங்கதான் அண்ணாச்சி. மில்லு ஓடணும்" என்றேன்.

"கைக்காசு போட்டு மொதலாளிக்குக் காரு புடிச்ச தொழிலாளிய நான் இன்னக்கித்தான் பாக்குறேன்" என்றார். முதலாளி பக்கம் திரும்பி, "நாளைக்கு லோடு வரும். வேட்டியத் தட்டிவிட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். சொன்னபடி லோடு வந்தது. அந்த வாரக் கடைசியில் நான் மாமா வீட்டுக்கு வந்து உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஏன் இப்போது கூட்டிப் போகிறாய் என்று நீ கேட்டாய். மில் ஓடுகிறது என்றேன். உனக்கு அது போதுமாக இருந்தது, தூங்கிவிட்டாய்.

வில்லனே வைக்காதே என்று நான் சொல்ல வரவில்லை. கூலியைத் தின்ற முதலாளிகளை, ஊரை ஏய்த்துவிட்டு ஓடிப்போனவர்களை நானும் அறிவேன். அப்படி ஒருவனை எடுப்பதானால் அவனைத் தேடிப் பார்த்து, அவன் என்ன செய்தானோ அதை எடு. எங்கள் முதலாளியை எடுப்பதானால் மாயாண்டி அண்ணனுக்குச் செய்த அநியாயத்தோடு எடு, அட்சதை ஒட்டிய வேட்டியோடும் எடு. இரண்டில் ஒன்றை விட்டால் அது அவர் இல்லை. அவர் கையில் கிளாஸைக் கொடுக்காதே. என்ன குடித்தார் என்று கேட்டாய் அல்லவா? காதர் பாய் கடை டீ குடித்தார், சீனி கம்மியாக. உன் திரைக்கதைக்கு அது உதவாது என்றால் நான் என்ன செய்ய?

இனி இரண்டாவது காரியம். நேற்றுச் சாயங்காலம் சோழவந்தானுக்குப் போயிருந்தேன். இப்போது மில்லை அவர் மருமகன் பார்க்கிறார். இவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் குரலை வைத்தே கண்டுகொண்டார். என் மகன் சினிமா எடுக்கிறான், மில்லுக்குள் வைத்துப் படம் பிடிக்க ஆசைப்படுகிறான் என்றேன். "சின்னப் பயலா இருந்தானே, அவனா?" என்று சந்தோஷப்பட்டார். என்ன கதை என்று கேட்டார். மில் கதை என்றேன். அதில் ஒரு முதலாளி வருகிறார் என்றேன், கொஞ்சம் கெட்டவர் என்றேன். அது அவர்தான் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் கோபப்படவில்லை. எந்த நடிகர் என்று கேட்கவில்லை, தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கடைசியில மில்லு ஓடுதாய்யா?"

நீ எழுதிய காகிதங்கள் என் பையில்தான் இருந்தன. கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம். முதலாளி கையில் விலங்கு விழுகிறது, தொழிலாளிகள் கொடியைப் பிடித்துக்கொண்டு சூரியனைப் பார்த்து நடக்கிறார்கள், வணக்கம் போட்டுவிடுகிறாய். மறுநாள் காலையில் அவர்கள் எந்தக் கேட்டுக்குள் போனார்கள், பிள்ளைகளை மாமா வீடுகளில் இருந்து யார் போய்க் கூட்டி வந்தார்கள் என்று நீ எழுதவில்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. "பயகிட்டக் கேட்டுச் சொல்றேன் மொதலாளி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தான் இருப்பார். நீயே வந்து பதில் சொல்.

உன் அப்பா